தாவீதின் இரு தளபதிகள், இரு ஆசாரியர்கள்: யார் உண்மையாயிருந்தார்கள், எதற்கு?

தாவீது முதுமையில் படுக்கையில் கிடந்த நாட்களில், கி.மு. 970 வாக்கில், எருசலேமுக்கு வெளியே கீதரோன் பள்ளத்தாக்கில் ஒரே நாளில் இரண்டு கூட்டங்கள் கூடின. தெற்கே இன்ரோகேல் கிணற்றருகே, சோகெலெத் என்ற கல்லின் பக்கத்தில், தாவீதின் மகன் அதோனியா ஆடுமாடுகளை அடித்துத் தன்னை ராஜாவாக்கிக்கொள்ள விருந்து வைத்தான். வடக்கே கீகோன் ஊற்றில் இன்னொரு மகன் சாலொமோன் ராஜாவாக அபிஷேகம் பெற, தகப்பனுடைய கோவேறு கழுதையின்மேல் வந்து இறங்கினான். இரண்டு இடத்துக்கும் இடையே ஒரு கிலோமீட்டர்கூடக் கிடையாது. விருந்து முடிகிற நேரத்தில் நகரத்திலிருந்து இரைச்சல் வந்தது. அதில் எக்காளச் சத்தத்தைக் கவனித்து, இது என்ன அமளி என்று கேட்டவன் யோவாப். கேட்காமல் இருப்பானா? கிபியோனிலும், தாவீதுக்கு விரோதமாய்க் கலகம் செய்த மகன் அப்சலோம் செத்த காட்டிலும், ஆபேல் பட்டணத்துக்கு முன்னாலும் போரை நிறுத்த எக்காளம் ஊதியவன் அவன்தான்.

இன்ரோகேலில் ஒரு தளபதியும் ஒரு ஆசாரியனும் இருந்தார்கள்: யோவாப், அபியத்தார். கீகோனிலும் ஒரு தளபதி, ஒரு ஆசாரியன்: பெனாயா, சாதோக். கூடவே தீர்க்கதரிசி நாத்தான். அன்று காலைவரை எல்லாரும் தாவீதின் ஆட்கள். 2 சாமுவேல் 20-ம் அதிகாரத்தின் கடைசியில் உள்ள அதிகாரிகள் பட்டியலில் யோவாபும் பெனாயாவும் அடுத்தடுத்து நிற்கிறார்கள்; சாதோக்கும் அபியத்தாரும் ஒரே வரியில் நிற்கிறார்கள். யோவாப் துரோகி, பெனாயா உத்தமன் என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டுப் போவது சுலபம். நான்கு பேருடைய சேவைக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அவ்வளவு சுலபமாக முடிவதில்லை.

யோவாப்: வேலை தெரிந்த கை

யோவாப் தாவீதின் அக்காள் செருயாளின் மகன். அபிசாயும் ஆசகேலும் அவனுடன் பிறந்தவர்கள். படைத்தலைவன் பதவி உறவுக்காகக் கிடைத்ததல்ல. எருசலேமில் இருந்த எபூசியரை முதலில் முறியடிக்கிறவன்தான் தலைவன் என்று தாவீது சொன்னபோது முதலில் ஏறினவன் அவன் என்று 1 நாளாகமம் 11 சொல்கிறது.

அவனுடைய போர்த்திறனைப் பார்க்க 2 சாமுவேல் 10 போதும். அம்மோனியர் கூலிக்கு அழைத்த படைகள்: சீரியர் காலாட்கள் 20,000, மாக்கா ராஜாவிடமிருந்து 1,000, தோபிலிருந்து 12,000. அம்மோனியர் தங்கள் நகர வாசலில் அணிவகுத்தார்கள், கூலிப்படை தனியே வெளியில் நின்றது. இஸ்ரவேல் படை நடுவில் அகப்பட்டது. யோவாப் பொறுக்கி எடுத்த வீரர்களைத் தன்னிடம் வைத்துச் சீரியருக்கு எதிரே நின்றான்; மீதிப் பேரை அபிசாயிடம் கொடுத்து அம்மோனியர் பக்கம் திருப்பினான். எந்தப் பக்கம் தளர்கிறதோ அந்தப் பக்கத்துக்கு மற்றவன் துணை வரவேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்தான். கூலிக்கு வந்தவன் உயிருக்குப் பயந்து முதலில் ஓடுவான், அவன் ஓடினால் ஊர்க்காரன் வாசலைச் சாத்திக்கொள்வான். நடந்ததும் அதுதான்.

அடுத்த ஆண்டு அம்மோனியரின் தலைநகர் ரப்பா முற்றுகை. நகரத்தின் தண்ணீர்ப் பகுதியைப் பிடித்ததும் யோவாப் ராஜாவுக்கு ஆள் அனுப்பினான்: மீதி ஜனத்தைக் கூட்டிக்கொண்டு வந்து நீர் பிடியும், நான் பிடித்தால் நகரத்துக்கு என் பேர் வழங்கும். தண்ணீர் போன நகரம் விழுந்தது போலத்தான். பெயரைத் தானே எடுத்துக்கொண்டிருந்தால் தடுக்க யாரும் அங்கில்லை. இதை விசுவாசம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

ராஜாவுக்கு எதிர்த்துப் பேசியதும் அவன்தான். அப்சலோம் செத்தபின் மக்னாயீமில் தாவீது முகத்தை மூடிக்கொண்டு அழுதபோது, ஜெயித்த படை தோற்ற படைபோலத் திருட்டுத்தனமாக ஊருக்குள் நுழைந்தது. யோவாப் உள்ளே போய், நீர் இப்போது வெளியே வந்து பேசாவிட்டால் இன்று ராத்திரி ஒருவனும் உம்மோடு தங்கமாட்டான் என்றான். கடுமையான பேச்சு, ஆனால் கணக்கு சரி. தாவீது வாசலில் போய் உட்கார்ந்தான், ஜனம் வந்தது. பிற்காலத்தில் ஜனத்தொகை எடுக்கச் சொன்னபோதும் இது எதற்கு என்று தடுத்துப் பார்த்தவன் யோவாப். ராஜா கேட்கவில்லை. 9 மாதமும் 20 நாளும் சுற்றி எண்ணி முடித்தபின் வந்தது கொள்ளைநோய்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ராஜாவுக்கு எது நல்லது என்பதை ராஜாவைவிடத் தனக்கு நன்றாகத் தெரியும் என்று யோவாப் நம்பினான். பல தடவை அது உண்மையாகவும் இருந்தது. அதனால்தான் அந்த நம்பிக்கை அவனுக்குள் ஊறிப்போனது.

மூன்று கொலைகள், ஒரே முறை

முதல் கொலை அப்னேர். முந்தின ராஜா சவுலின் படைத்தலைவனான அவன் தாவீதோடு சமாதானம் பேசிவிட்டு எப்ரோனிலிருந்து கிளம்பிப் போனான். யோவாப் ராஜாவுக்குத் தெரியாமல் ஆள் அனுப்பி, சீரா என்ற துரவிலிருந்து அவனைத் திரும்ப வரவழைத்தான். வாசலில், இரகசியம் பேசுகிறவன் போல ஒருபுறமாக அழைத்துப் போய், வயிற்றில் குத்தினான். ஆசகேலின் இரத்தத்துக்குப் பழி என்பது காரணம். ஆனால் ஆசகேல் செத்தது போரில். என்னைத் தொடராதே என்று அப்னேர் இரண்டு தடவை எச்சரித்த பிறகு. எப்ரோன் என்ற ஊரையும் கவனிக்க வேண்டும். யோசுவா 20 குறிப்பிடும் அடைக்கலப் பட்டணங்களில் அது ஒன்று. பழிவாங்குகிறவனுக்குத் தப்பி ஓடிவருகிறவன் பட்டண வாசலில் நின்று மூப்பரிடம் வழக்கைச் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. வழக்கு கேட்கப்பட வேண்டிய அதே வாசலில் யோவாப் கத்தியை எடுத்தான்.

இரண்டாவது அப்சலோம். வாலிபனை மெதுவாய் நடத்துங்கள் என்று ராஜா மூன்று தலைவர்களுக்கும், சகல ஜனமும் கேட்க, கட்டளையிட்டிருந்தான். கர்வாலி மரத்தில் தொங்கியவனைக் கண்ட போர்வீரனிடம், நீ ஏன் அவனை வெட்டவில்லை, பத்து வெள்ளிக்காசும் ஒரு கச்சையும் கொடுத்திருப்பேனே என்றான் யோவாப். அந்த வீரனின் பதிலை ஊன்றிப் படிக்க வேண்டும். ஆயிரம் காசு கையில் நிறுத்துக் கொடுத்தாலும் ராஜாவின் மகன்மேல் கைபோடமாட்டேன். போட்டிருந்தால் ராஜாவுக்கு மறையாது, அப்போது நீரே எனக்கு எதிராக நிற்பீர் என்றான். தன் தளபதியின் குணம் சாதாரணப் போர்வீரனுக்குத் தெரிந்திருக்கிறது. யோவாப் மூன்று ஈட்டிகளை எடுத்துக்கொண்டு போனான். அரசியலாகப் பார்த்தால் அப்சலோம் உயிரோடிருக்கும்வரை கலகம் அடங்காது. அவன் கணக்கில் பிழையில்லை. கட்டளையை மீறினான் என்பதிலும் சந்தேகமில்லை.

மூன்றாவது அமாசா. யூதாவைத் தன் பக்கம் இழுக்க, அப்சலோமின் படைத்தலைவனாயிருந்த அமாசாவுக்கே யோவாபின் பதவியைத் தாவீது கொடுத்துவிட்டான். அமாசாவும் தாவீதின் சகோதரி மகன்தான், யோவாபுக்குச் சிற்றன்னை மகன். சேபாவின் கலகத்தை அடக்க மூன்று நாளில் யூதா மனுஷரைத் திரட்டி வரச்சொன்னால் அமாசா தாமதித்தான். தாவீது அடுத்து அழைத்தது அபிசாயை, யோவாபை அழைக்கவில்லை. யோவாப் சகோதரனின் படையோடு கிளம்பி, கிபியோனிலுள்ள பெரிய கல்லண்டையில் அமாசாவைச் சந்தித்தான். இடுப்பிலிருந்த வாள் உறையிலிருந்து நழுவி விழுந்தது. என் சகோதரனே சுகமா என்று வலது கையால் தாடியைப் பிடித்தான். வலது கை தாடியில் இருந்தால் எதிரே நிற்கிறவன் இடது கையைப் பார்ப்பதில்லை. ஒரே குத்து. உடல் நடுவழியில் கிடக்க, வந்த ஜனமெல்லாம் நின்று பார்த்ததால், ஒருவன் அதை வயலில் இழுத்துப் போட்டு வஸ்திரத்தால் மூடினபிறகுதான் படை நகர்ந்தது. அதிகாரம் முடியும்போது யோவாப் மறுபடி படை முழுவதற்கும் தலைவன். தாவீது அவனை மறுபடி நியமித்ததாக ஒரு வரியும் இல்லை.

ஏன் தாவீது அவனைத் தண்டிக்கவில்லை? செருயாளின் மகன்கள் என் பலத்துக்கு மிஞ்சினவர்கள் என்று அப்னேரின் அடக்கத்தின்போதே சொன்னான். அதன்பின் உரியாவின் விஷயம் வந்தது; அவன் மனைவி பத்சேபாளோடு தாவீது பாவம் செய்திருந்தான். உரியாவைப் போர் மும்முரமான இடத்தில் நிறுத்திவிட்டுப் பின்வாங்குங்கள் என்ற கடிதத்தை உரியாவே சுமந்து போனான். அப்படியே செய்தால் சூழ்ச்சி எல்லாருக்கும் தெரிந்துபோகும். யோவாப் அதை மாற்றினான்: பராக்கிரமசாலிகள் நிற்கிற மதிலருகே உரியாவை வைத்தான், கூட வேறு சிலரும் செத்தார்கள். மதிலுக்கு ஏன் கிட்டப் போனீர்கள் என்று ராஜா கோபித்தால் உரியாவும் செத்தான் என்று சொல் என்று தூதனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து அனுப்பினான். அந்த நாளிலிருந்து ராஜாவின் பாவத்துக்குச் சாட்சி யோவாபின் கையில் இருந்தது. தளபதியைத் தண்டிக்கும் தகுதியைத் தாவீது தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டான் என்பதே என் கணிப்பு.

பெனாயா: கேட்கிறவன்

கப்செயேல் ஊரான் பெனாயா ஆசாரியனான யோய்தாவின் மகன். வீரத்தில் குறைந்தவனல்ல. உறைபனி பெய்த நாளில் குழிக்குள் இறங்கிச் சிங்கத்தைக் கொன்றான். ஐந்து முழ உயர எகிப்தியன் நெய்கிறவர்களின் படைமரம் போன்ற ஈட்டியோடு நிற்க, பெனாயா ஒரு கோலோடு போய், அந்த ஈட்டியைப் பறித்து அதனாலேயே அவனைக் கொன்றான். பராக்கிரமசாலிகளின் பட்டியலில் முப்பது பேரிலும் மேன்மையானவன், ஆனால் முந்தின மூன்று பேருக்குச் சமமல்ல என்று அளந்தே சொல்லப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் மொத்தம் 37 பேர். கடைசிப் பெயர் உரியா. அபிசாய் இருக்கிறான், ஆசகேல் இருக்கிறான், யோவாபின் ஆயுததாரிகூட இருக்கிறான். யோவாபுக்குத் தனியிடம் இல்லை.

தாவீது பெனாயாவை மெய்க்காவலுக்குத் தலைவனாக்கினான். அங்கே மெய்க்காவலுக்கு நிற்கும் எபிரெயச் சொல் ‘கேட்டல்’ என்ற வேரிலிருந்து வருவது: சொல்லைக் கேட்டு நிற்கிறவர்கள். அவனுக்குக் கீழே இருந்தவர்கள் கிரேத்தியரும் பிலேத்தியரும், அந்நிய வீரர். எந்தக் கோத்திரத்தோடும் அவர்களுக்கு உறவில்லை. கலகம் வந்தால் யூதாவா இஸ்ரவேலா என்று அவர்கள் யோசிக்க வேண்டியதில்லை. சம்பளமும் சோறும் ராஜாவிடமிருந்து. யோவாபின் கீழிருந்தது கோத்திரங்களிலிருந்து திரண்ட படை, அது ஆளுக்கு ஆள் பிரியக்கூடியது. சாலொமோனைக் கீகோனுக்குக் கூட்டிப்போனபோது இந்த வேறுபாடு வேலை செய்தது. கூட்டிப்போனது காவல்படை. இன்ரோகேலில் யோவாப் உட்கார்ந்திருந்தான், படை அங்கே இல்லை.

பெனாயாவின் குணம் தெரிவது பலிபீடத்தருகே. சாலொமோன் அதோனியாவைக் கொல்வித்த செய்தி கேட்டு யோவாப் கர்த்தருடைய கூடாரத்துக்கு ஓடிப் பலிபீடத்தின் கொம்புகளைப் பிடித்துக்கொண்டான். அவனைக் கொல்லும்படி சாலொமோன் பெனாயாவை அனுப்பினான். பெனாயா போய், வெளியே வா என்று ராஜா சொல்கிறார் என்றான். வரமாட்டேன், இங்கேயே சாவேன் என்றான் யோவாப். பெனாயா வாளை உருவவில்லை. திரும்பிப் போய், அவன் இப்படிச் சொன்னான், இப்படிப் பதில் கொடுத்தான் என்று ராஜாவிடம் அறிவித்தான். அவன் சொன்னபடியே செய் என்ற இரண்டாம் உத்தரவு வந்தபிறகே கை ஓங்கினான். யோவாபாக இருந்திருந்தால் திரும்பிப் போயிருப்பானா? அந்த ஒரு நடை தூரம்தான் இருவருக்கும் உள்ள வித்தியாசம்.

சாலொமோனின் உத்தரவும் சட்டத்துக்கு விரோதமல்ல. சதிசெய்து கொன்றவனை என் பலிபீடத்திலிருந்தும் பிடித்துக்கொண்டுபோய்க் கொல் என்று யாத்திராகமம் 21 சொல்கிறது. கொஞ்ச காலத்துக்குமுன் அதோனியாவும் அதே கொம்புகளைப் பிடித்தான். அவன் கையில் இரத்தம் இல்லாததால், உத்தமனாய் நடந்தால் ஒரு மயிரும் விழாது என்ற நிபந்தனையோடு வீட்டுக்குப் போனான். பிறகு, முதுமையில் தாவீதைப் பராமரித்த அபிஷாகைத் தனக்கு மனைவியாகக் கேட்டு அந்த நிபந்தனையை அவனே கெடுத்துக்கொண்டான்.

பெனாயாவின் பக்கத்திலும் ஒரு குறை உண்டு, அதை மறைக்கக்கூடாது. அதோனியா, யோவாப், முன்பு தாவீதைச் சபித்த சீமேயி மூவரும் செத்தது அவன் கையால். ராஜாவுக்கு மாறாக அவன் பேசிய ஒரு வார்த்தையும் பதிவாகவில்லை. ஆமென் என்று சொன்னது பதிவாகியிருக்கிறது. தவறான உத்தரவு வந்திருந்தால் என்ன செய்திருப்பான்? ஜனத்தொகைக்கு எதிராக வாய் திறந்த யோவாப்தான் அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறவன்.

இரண்டு ஆசாரியர்கள்

அபியத்தாரின் உண்மையை அளக்க நோப் ஊரில் தொடங்க வேண்டும். தாவீதுக்கு அப்பமும் கோலியாத்தின் வாளும் கொடுத்ததற்காகச் சவுல் கட்டளையிட, ஏதோமியன் தோவேக் சணல்நூல் ஏபோத்தைத் தரித்த 85 ஆசாரியரை வெட்டினான். தப்பிய ஒருவன் அபியத்தார். வெறுங்கையோடு வரவில்லை, கர்த்தரிடம் விசாரிக்க உதவும் ஆசாரிய உடையான ஏபோத்தோடு வந்தான். கேகிலாவில் அது எப்படிப் பயன்பட்டது என்பது விவரமாக இருக்கிறது. ஏபோத்தைக் கொண்டுவா என்று தாவீது சொன்னான். சவுல் இறங்கி வருவானா? வருவான். ஊரார் என்னைப் பிடித்துக் கொடுப்பார்களா? கொடுப்பார்கள். ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும்படி கேள்வியைப் பிரித்துக் கேட்டான். சுமார் 600 பேரோடு உடனே வெளியேறினான். சிக்லாகு எரிந்தபோதும் அதே அபியத்தார், அதே ஏபோத். ஆசாரியரை வெட்டிய சவுலுக்கோ கடைசியில் சொப்பனத்தினாலும் ஊரீமினாலும் தீர்க்கதரிசிகளாலும் பதில் வரவில்லை.

சாதோக் அவ்வளவு முன்னாலிருந்து வருகிறவன் அல்ல. எப்ரோனில் தாவீதிடம் வந்தவர்களில் சாதோக் என்ற வாலிபப் பராக்கிரமசாலியும் அவன் தகப்பன் வீட்டாரான 22 தலைவரும் உண்டு. ஆசாரியன் சாதோக் அவனே என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பின்பு கிபியோன் மேட்டிலிருந்த வாசஸ்தலத்தில் பலி செலுத்தும் பொறுப்பு சாதோக்குடையது. உடன்படிக்கைப் பெட்டி எருசலேமில் கூடாரத்தில் இருந்தது. அந்த நாட்களில் வழிபாட்டுக்கு இரண்டு இடம், அதனால் இரண்டு ஆசாரியர்.

அப்சலோமின் கலகத்தில் இருவரும் ஒன்றாக நின்றார்கள். பெட்டியோடு நகரத்தை விட்டு வந்த அவர்களைத் தாவீது திருப்பி அனுப்பினான். அவர்கள் நகரத்துக்குள் இருந்தால் செய்தி கிடைக்கும். அந்தச் சங்கிலி இப்படி: அரண்மனையில் தாவீதின் நண்பன் ஊசாய் கேட்பது சாதோக்குக்கும் அபியத்தாருக்கும், அவர்களிடமிருந்து ஒரு வேலைக்காரிக்கு, தண்ணீருக்குப் போகிறவளை யார் சந்தேகிப்பார்கள், அவளிடமிருந்து இன்ரோகேலில் காத்திருக்கும் இரண்டு மகன்களுக்கு, சாதோக்கின் மகன் அகிமாஸ், அபியத்தாரின் மகன் யோனத்தான். பழுது வந்தது கடைசிக் கண்ணியில்: ஒரு பையன் பார்த்துவிட்டு அப்சலோமுக்குச் சொன்னான். இருவரும் பகூரிமில் ஒரு வீட்டுக் கிணற்றுக்குள் இறங்கினார்கள். வீட்டுக்காரி கிணற்றின்மேல் பாயை விரித்து நொய்யைப் பரப்பிவிட்டாள்.

பிறகு அதே இன்ரோகேலில் அபியத்தார் அதோனியாவோடு விருந்தில் இருந்தான். சாலொமோனை ராஜாவாக்கிவிட்டார்கள் என்ற செய்தியோடு அங்கே ஓடி வந்தவன், அங்கே தாவீதுக்காக ஒளிந்திருந்த யோனத்தானேதான். நீ கெட்டிக்காரன், நற்செய்தி கொண்டுவருகிறவன் என்று அதோனியா வரவேற்றான். அந்த வரி படிக்கும்போதெல்லாம் மனசைப் பிசைகிறது.

அபியத்தார் ஏன் அந்தப் பக்கம் போனான் என்பதற்கு 1 இராஜாக்கள் காரணம் தரவில்லை. உயிரோடிருந்த மூத்த பிள்ளைக்கு அரசு என்பது இயல்பான எதிர்பார்ப்பு. நீ ஏன் இப்படிச் செய்கிறாய் என்று தகப்பன் அதோனியாவை ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை. ராஜாவின் மௌனம் சம்மதமென்று வயதான ஆசாரியன் எடுத்திருக்கலாம். ஆனால் கேகிலாவில் ஏபோத்தைக் கொண்டுவந்தவன் இன்ரோகேலில் கர்த்தரிடம் விசாரித்ததாக எங்கும் இல்லை. ராஜாவையும் யாரும் போய்க் கேட்கவில்லை. சாதோக் காத்திருந்தான், தாவீது பெயர் சொன்னபின் கூடாரத்திலிருந்து எண்ணெய்க் கொம்பை எடுத்தான். தீரத்திலும் பட்ட பாட்டிலும் அபியத்தாரின் கணக்கு கனமானது. அன்றைய ஒரு நாளில் மட்டும் சாதோக் சரியாக நின்றான், வரலாறு அந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டது. பிற்காலத்து ஆசாரிய முறைகள் 24-ல் ஆரோனின் மகன்களில் சாதோக்கின் எலெயாசார் வழிக்கு 16, அபியத்தாரின் இத்தாமார் வழிக்கு 8.

நாத்தானைச் சேர்த்தால்

நான்கு பேரையும் அளக்க நாத்தான் ஒரு நல்ல அளவுகோல். யோவாபும் நாத்தானும் இருவருமே தாவீதிடம் கதை சொல்லி மனதைத் திருப்பியிருக்கிறார்கள். அப்சலோமைத் திரும்ப அழைக்க யோவாப் தெக்கோவா ஊர்ப் பெண்ணுக்குத் துக்க உடை உடுத்தி, வார்த்தைகளை அவள் வாயில் வைத்து அனுப்பினான். இதெல்லாம் யோவாபின் கைதானே என்று தாவீது கண்டுபிடித்துவிட்டான். நாத்தான் ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைத் தானே போய்ச் சொன்னான், முடிவில் ‘நீயே அந்த மனுஷன்’ என்று முகத்துக்கு நேரே சொன்னான். ஒருவன் ராஜாவை நகர்த்தினான். மற்றவன் ராஜாவைத் தன்னைத்தானே பார்க்க வைத்தான்.

அரசுரிமை விஷயத்திலும் அப்படியே. பத்சேபாளை முதலில் அனுப்பி, அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே தான் நுழைந்து, இது என் ஆண்டவனுடைய உத்தரவா, எங்களுக்குச் சொல்லாமல் செய்தீரா என்று கேட்டான். திட்டம் போட்டுத்தான் செய்தான். ஆனால் முடிவை ராஜாவின் வாயிலிருந்தே வரவழைத்தான். யோவாபின் துணிவும் பெனாயாவின் பொறுமையும் ஒரே ஆளிடம் இருக்கிறது என்றால் அது நாத்தானிடம்.

ரப்பா மதிலுக்கு முன்னால் நிற்கும் ராஜாவுக்கு யோவாப் வேண்டும். பெனாயா அதுபோன்ற பெரும் போரை நடத்தியதற்குப் பதிவு இல்லை. அரசு கைமாறும் நாளுக்குப் பெனாயா வேண்டும். வனாந்தரத்தில் ஓடுகிறவனுக்கு அபியத்தார், ஆலயம் கட்டப்போகிறவனுக்குச் சாதோக். தாவீது நாற்பது வருடம் எல்லாரையும் கூட வைத்திருந்தான், ஆனால் யோவாபுக்கு எல்லை போடும் வேலையை மகனிடம் விட்டுவிட்டுப் போனான். அந்தக் கடனைத்தான் பெனாயா பலிபீடத்தில் அடைத்தான்.

அபியத்தாரைச் சாலொமோன் கொல்லவில்லை. கர்த்தரின் பெட்டியைச் சுமந்தாய், என் தகப்பன் பட்ட உபத்திரவத்திலெல்லாம் கூடப் பாடுபட்டாய் என்று சொல்லி, எருசலேமுக்கு வடகிழக்கே சில கிலோமீட்டரில் இருந்த ஆனதோத்தில் அவனுடைய வயலுக்கு அனுப்பினான். சீலோவில் அபியத்தாரின் முன்னோனான ஏலியின் வீடு விழும் என்று சொன்ன வார்த்தை நிறைவேறியது என்று அங்கே ஒரு குறிப்பும் உண்டு. சுமார் 360 ஆண்டுகளுக்குப்பின் அந்த ஆனதோத்தின் ஆசாரியர் குடும்பத்திலிருந்து எரேமியா வந்தான். அபியத்தாரின் வம்சம் என்று வேதம் சொல்லவில்லை. ஊர் அதே ஊர். சாதோக்கின் பிள்ளைகள் ஊழியம் செய்த ஆலயத்தின் வாசலில் நின்று அவன் சொன்னது: சீலோவுக்குப் போய், அதற்கு நான் செய்ததைப் பாருங்கள்.